அரசியின் காலணிப் பணம்

சாகுபுரத்தில் தொழிலாளர் குடும்பம் ஒன்றின் வீட்டு முற்றத்தில் அன்று மாலை அன்பியக் கூட்டம் நடைபெற்றது. செபமாலை முடிந்தது, இறைவார்த்தைப் பகிர்வும் முடிந்தது. அனைவரும் காப்பிக் குவளையோடு அமர்ந்திருந்த வேளையில் பேச்சு வழக்கம்போலப் பிள்ளைகள் பக்கம் திரும்பிற்று. பத்தாம் வகுப்புப் பையன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கையிலிருந்து கைப்பேசி இறங்குவதில்லை. உறுதிபூசுதல் பெற்ற கையோடு மறைக்கல்விக்கு முழுக்குப் போட்டுவிட்டான் என்று தாய்மார் ஒருவர்பின் ஒருவராகக் குறை கூறினர். நானும் அவர்களைத் தேற்றும் எண்ணத்தோடு, “கவலைப்படாதீர்கள். ஞாயிறுதோறும் அவர்களைக் கூட்டி வழிநடத்த நமக்கு ஒரு நல்ல சகோதரி இருக்கிறாரே” என்றேன்.

அப்போது திண்ணை ஓரமாக அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் மெல்லக் கேட்டார்: “எங்க பேரப்பிள்ளைகளப் பாத்துக்க அந்தப் புள்ள இருக்கு, சாமி. அந்தப் புள்ளயப் பாத்துக்க யாரு இருக்கா?”

எனக்கு உடனே விடை வரவில்லை. முப்பது ஆண்டுகளை எட்டும் குருத்துவ வாழ்வில் எத்தனையோ கேள்விகளுக்கு விடையளித்துப் பழகியவன் நான். ஆயினும் அந்தக் கேள்வி என்னோடு வீடுவரை வந்தது. இரவு செபத்திலும் என்னருகே அமர்ந்திருந்தது. பங்குக் குடும்பங்களாகிய உங்களோடு அதைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

யாரை நம்பி விட்டிருக்கிறோம்?

நம் பகுதியின் நிலையை நீங்கள் நன்கறிவீர்கள். 1950-களின் இறுதியில் இங்கே காஸ்டிக் சோடா ஆலை எழுந்தது. சுற்றியுள்ள உப்பளங்களின் உப்பே அதற்கு மூலப்பொருள். ஆலையில் வேலை செய்யும் தந்தை ஒரு வாரம் பகலில் வீட்டிலில்லை. மறுவாரம் இரவில் இல்லை. கடற்கரை ஊர்களில் தந்தை விடியுமுன் கடலுக்குப் போய்விடுகிறார். உப்பளத்தில் பாடுபடும் தாயோ வெயில் ஏறுமுன் வேலையை முடிக்கவேண்டி, பிள்ளை கண்விழிக்குமுன் புறப்பட்டுவிடுகிறார். பெற்றோரிடம் அன்பு குறைவில்லை. ஆனால் பிள்ளையோடு அமர்ந்து பேச நேரம் குறைவு.

பதின்மூன்று முதல் பத்தொன்பது வரையுள்ள அந்த வயது எத்தகையது! குரல் உடைகிறது, உடல் மாறுகிறது, உள்ளம் வீட்டைத் தாண்டி வெளியே ஒருவரைத் தேடுகிறது. தந்தையிடம் கேட்க முடியாததைக் கேட்கவும், தாயிடம் அழ முடியாததை அழவும் அவர்களுக்கு ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நல்லவராக அமைந்துவிட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்கிறது. அமையாவிட்டால், மதுவுக்கும் போதைக்கும் வழிகாட்ட ஆட்கள் கடைத்தெருவில் காத்திருக்கிறார்கள்.

இந்தக் கவலையினால்தான் ஒவ்வொரு பங்கிலும் மறைக்கல்வி ஆசிரியர், இளையோர் இயக்க வழிகாட்டி, பீடச் சிறுவர் பொறுப்பாளர், பாடகர் குழுத் தலைவர் எனச் சிலரைத் தெரிந்துகொள்கிறோம். அவர்கள் யார்? பெரும்பாலும் இருபதிலிருந்து முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்கள். வேலை தேடுவோர், புதிதாக மணமானோர், கைக்குழந்தை உடையோர். அன்று அந்த மூதாட்டி குறிப்பிட்ட சகோதரிக்கும் இரண்டு சிறு பிள்ளைகள். கணவருக்கு மாறி மாறி ஷிப்டு வேலை. ஞாயிறு காலை திருப்பலி முடிந்ததும் நாம் வீட்டுக்குப் போகிறோம்; அவரோ நாற்பது பிள்ளைகளோடு பள்ளிக் கூடத்துக்குள் நுழைகிறார். அவருடைய அடுப்பு எப்போது எரிகிறது என்று நம்மில் எவரும் கேட்டதில்லை.

நான் இழந்த ஓர் இளைஞர்

இங்கே என் குறை ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் நான் பணியாற்றியபோது அங்கே ஓர் இளைஞர் இருந்தார். உப்பளம் ஒன்றில் கணக்கெழுதும் வேலை. வளரிளம் பிள்ளைகள் அவரிடம் ஈயாய் மொய்ப்பார்கள். மூன்று ஆண்டுகள் அவர்களைக் கூட்டினார், விளையாட வைத்தார், விவிலியம் வாசிக்க வைத்தார், தேர்வு நேரத்தில் இரவு பத்து மணி வரை கோவில் வராந்தாவில் உடனிருந்து படிக்க வைத்தார். நானோ வாரந்தோறும் அவரைக் காணும்போது ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: “இந்த வாரம் எத்தனை பேர் வந்தார்கள்?”

அந்தக் குழுவில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் குடிக்கத் தொடங்கியிருந்தான். இளைஞர் அவனைத் தேடித் தேடிப் போனார், அழைத்து வந்தார், அவன் மீண்டும் போனான். ஒருநாள் அவன் வீட்டாரிடம் சொல்லாமல் ஊரைவிட்டே போய்விட்டான். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தான் என்றாலும், அதற்குள் பழி முழுவதும் அந்த இளைஞர்மேல் விழுந்துவிட்டது. ‘இவன்தான் பிள்ளைகளை அங்கேயும் இங்கேயும் கூட்டிக்கொண்டு திரிகிறான்’ என்று தெருவில் பேசினார்கள். அவர் இருமுறை என்னைத் தேடி வந்தார். முதன்முறை நான் திருவிழா வரிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் முறை கொடிமர வேலைக்கு ஆள் வந்திருந்தது. “பிறகு பேசுவோம்” என்றேன். அந்தப் ‘பிறகு’ வரவேயில்லை. ஒரு காலையில் அறைச் சாவியை என் மேசைமேல் வைத்துவிட்டு வெளியூருக்கு வேலை தேடிப் போய்விட்டார். குழுவும் சில மாதங்களில் கலைந்துபோயிற்று.

நெடுநாளைக்குப் பின் ஒரு திருமண வீட்டில் அவரைக் கண்டேன். மனைவி மக்களோடு நன்றாக இருந்தார். தயங்கித் தயங்கி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “உங்கள் மேல் கோபம் இல்லை, சாமி. எத்தனை பேர் வந்தார்கள் என்று வாராவாரம் கேட்டீர்கள். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒருதடவை கேட்டிருந்தால் நான் போயிருக்க மாட்டேன்.”

அவர் சிரித்ததுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

சவேரியார் செய்தது என்ன?

மூதாட்டியின் கேள்விக்கு விடை தேடி நான் தொலைதூரம் போகவேண்டியிருக்கவில்லை. சாகுபுரத்திலிருந்து சில கல் தொலைவில், தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தில் புன்னைக்காயல் இருக்கிறது. தெற்கே வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு. புனித பிரான்சிஸ் சவேரியாரின் கால் பட்ட மணல் இது.

1542 அக்டோபரில் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். சில ஆண்டுகளுக்கு முன்னரே பரதவ மக்கள் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். ஆயினும் அவர்கள் மொழியில் மறையைக் கற்பிக்க ஆளில்லை. சவேரியார் தமிழறிந்தோர் துணையோடு மன்றாட்டுகளைத் தமிழில் அமைத்துக்கொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று சிறுவரைக் கூட்டினார். செபிக்கவோ உண்ணவோ உறங்கவோ விடாமல் சிறுவர்கள் தம்மைச் சூழ்ந்துகொண்டு புதுச் செபம் கற்பிக்குமாறு கேட்கின்றனர் என்று அவர் அந்த மாதத்திலேயே தம் சபைத் தலைவர் இஞ்ஞாசியாருக்கு எழுதினார். நோயாளிகள் எல்லாருடைய வீட்டுக்கும் தாம் போக முடியாதபோது அச்சிறுவர்களையே செபிக்க அனுப்பினார்.

டிசம்பர் 3-ஆம் நாள் மறையுரைகளில் நாம் இதுவரைதான் சொல்கிறோம். கதையின் மறுபாதியைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

ஊருக்கு ஊர் நடந்துகொண்டேயிருந்த சவேரியார் எந்த ஊரிலும் நிலையாகத் தங்க முடியவில்லை. ஆகவே ஒவ்வோர் ஊரிலும் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பிக்க ஒருவரை நியமித்தார். கணக்கப்பிள்ளை என்றும் உபதேசியார் என்றும் நம் கடற்கரை இன்றும் நினைவில் வைத்திருக்கும் பெயர்கள் அந்த மரபில் வந்தவையே. ‘இறைவனுக்குச் செய்யும் பணிதானே, இறைவன் பார்த்துக்கொள்வார்’ என்று அவர்களை அவர் விட்டுவிடவில்லை. அவர்களுக்கும் குடும்பம் உண்டு, பசி உண்டு என்று அவர் அறிந்திருந்தார்.

அந்நாளில் இந்தக் கரையிலிருந்து வசூலான வரியில் நாலாயிரம் பணம் ஆண்டுதோறும் போர்த்துக்கல் அரசி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. ஆழ்கடலில் மூச்சடக்கி நம் முன்னோர் எடுத்த முத்தின் ஒரு பங்கு அவ்வாறு அரசியின் பாதங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது! அந்தத் தொகையைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போரின் ஊதியத்துக்கு விட்டுத்தரவேண்டும் என்று சவேரியார் வேண்டினார். விண்ணகத்துக்கு ஏறிச் செல்ல, இக்கடற்கரைப் பிள்ளைகள் பெறும் மறைக்கல்வியைவிட நல்ல காலணி அரசிக்குக் கிடைக்காது என்பது அவருடைய வாதம். பணமும் கிடைத்தது.

பணத்தோடு அவர் நிற்கவில்லை. பிரான்சிஸ் மன்சிலாஸ் என்னும் உதவியாளர் இக்கரையில் அவரோடு உழைத்தார். பெரும் படிப்பாளி அல்லர். எளிதில் மனம் சோர்பவர். 1544-ஆம் ஆண்டில் மணப்பாடு, புன்னைக்காயல், ஆலந்தலை எனத் தாம் நின்ற இடங்களிலிருந்தெல்லாம் சவேரியார் அவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டேயிருந்தார். சில சமயம் சில நாள் இடைவெளியிலேயே அடுத்த கடிதம். பொறுமையாயிரும், மக்களை அன்பினால் வெல்லும், பிள்ளைகளின் கல்வியைக் கவனியும், உம் செய்தியை எழுதும் என்று மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டார். தமக்கு நேர்ந்த மனக்கசப்பையும் அவரிடம் மறைக்கவில்லை.

மன்சிலாஸ் பிற்காலத்தில் இயேசு சபையில் நீடிக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். துணை செய்வதால் எல்லாரும் நிலைத்துவிடுவார்கள் என்ற உறுதி இல்லை. ஆயினும் ‘என்னை ஒருவரும் கேட்கவில்லை’ என்று மன்சிலாஸ் சொல்லியிருக்க முடியாது. என் இளைஞர் சொன்னார்.

தளர்ச்சி குற்றமன்று

‘இறையழைத்தல் பெற்றவருக்குத் தளர்ச்சி ஏன் வரவேண்டும்?’ என்று சிலர் கேட்கலாம். வளரிளம் பருவத்தினரின் பாதுகாவலராக நாம் போற்றும் புனித ஜான் போஸ்கோவைப் பாருங்கள். 1846 சூலையில் ஓயாத உழைப்பினால் நோயுற்றுச் சாவின் விளிம்புவரை போனார். உடல் தேறியபின் அவர் தனியாக அப்பணிக்குத் திரும்பவில்லை. அதே ஆண்டு நவம்பரில் தம் தாய் மார்கரித்தாவைச் சிற்றூரிலிருந்து தூரின் நகருக்கு உடன் அழைத்துச் சென்றார். அவ்வன்னை பத்தாண்டுக் காலம் ஆதரவற்ற சிறுவர்களுக்குச் சமைத்தார், கிழிந்ததைத் தைத்தார், புத்தி சொன்னார். சிறுவர்கள் விளையாட்டு வேகத்தில் அவருடைய காய்கறித் தோட்டத்தை மிதித்துப் பாழாக்கிய ஒருநாள், ‘போதும், நான் ஊருக்கே போகிறேன்’ என்றார் அந்தப் புண்ணியவதி. மகன் ஒன்றும் பேசாமல் சுவரிலிருந்த பாடுபட்ட சுரூபத்தைச் சுட்டிக்காட்டினார். தாய் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மீண்டும் வேலைக்குத் திரும்பினார்.

புனிதருக்கே தாயின் துணை தேவைப்பட்டது. தாய்க்கும் ஒருநாள் மனம் வெறுத்தது. வெறுப்பைச் சொல்ல அவருக்கு ஒரு மகன் இருந்ததே வேறுபாடு. அந்தப் புனிதரின் மக்களாகிய சலேசியர் 1906-இல் தஞ்சாவூருக்கு வந்து தமிழ் மண்ணில் கால் ஊன்றினர். அவர்கள் குழுவாக வாழ்ந்து இப்பணி செய்வதன் பொருளும் இதுவேயன்றோ?

விவிலியமும் இதையே கற்பிக்கிறது. காலைமுதல் மாலைவரை மக்களின் வழக்குகளைத் தனியே கேட்டுக்கொண்டிருந்த மோசேயைக் கண்ட மாமனார் இத்திரோ, இப்படிச் செய்தால் நீரும் களைத்துப்போவீர், மக்களும் களைத்துப்போவார்கள் என்று எச்சரித்தார் (விடுதலைப் பயணம் 18). அதற்கு முந்திய அதிகாரத்தில், செபத்தில் உயர்த்திய மோசேயின் கைகள் தளர்ந்தபோது ஆரோனும் கூரும் இருபுறமும் நின்று அவற்றைத் தாங்கினர். நம் ஆண்டவரோ சீடரை இருவர் இருவராக அனுப்பினார். திரும்பி வந்தவர்களைத் தனிமையான இடத்துக்கு அழைத்து ஓய்வெடுக்கச் சொன்னார் (மாற்கு 6). அனுப்புவதோடு நம் கடமை முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். அவர் ஓய்வையும் தம் கடமையாகக் கொண்டார்.

நாம் செய்யக் கூடியவை

முதலாவது, எவரையும் தனியாக நிறுத்தாதிருப்போம். ஒரு குழுவுக்குக் குறைந்தது இருவர் வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும், தேர்வு வந்தாலும், பிரசவம் வந்தாலும் மற்றவர் இருப்பார். இது பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் இன்றியமையாதது. பூட்டிய அறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனித்திருக்கலாகாது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்க 2012-இல் போக்சோ சட்டம் வந்துள்ளது. அத்தகைய குற்றம் நடந்ததாக அறியவருகிறவர் அதைக் காவல் துறையிடம் சொல்லியே ஆகவேண்டும், மறைப்பதும் குற்றம். 1098 என்னும் எண்ணைப் பிள்ளைகளும் பெரியவர்களும் மனப்பாடம் செய்திருக்க வேண்டும். சிலர் இவ்விதிகளைச் சந்தேகத்தின் அடையாளமாக எண்ணுகிறார்கள். அப்படியன்று. இவை பிள்ளைக்கு வேலி. நேர்மையோடு உழைக்கும் வழிகாட்டிக்கும் வேலி.

இரண்டாவது, பயிற்சி. நீந்தத் தெரியாதவரைக் கடலில் இறக்க நம் கடற்கரை மக்கள் ஒப்புவார்களா? ஆனால் வளரிளம் உள்ளம் என்னும் ஆழத்தில் பயிற்சியின்றி இறக்கிவிடுகிறோம். பெல்ஜியம் நாட்டுக் குரு கார்டைன், தம்மோடு படித்த நண்பர்கள் இளவயதிலேயே ஆலை வேலைக்குப் போய்த் திருச்சபையை விட்டு அகன்றதைக் கண்டு மனம் நொந்தவர். 1925-இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கிய அவர், ‘பார், ஆராய்ந்து தீர்மானி, செயல்படு’ என்னும் எளிய முறையை உலகுக்குத் தந்தார். திருத்தந்தை இருபத்திமூன்றாம் அருளப்பர் 1961-இல் தம் சுற்றுமடலில் அம்முறையை ஏற்றுப் பரிந்துரைத்தார். ஆலை நிழலில் வாழும் நமக்கு இம்முறை நன்றாகப் பொருந்தும். ‘நம் தெருவில் மூன்று பேர் பள்ளியை விட்டு நின்றுவிட்டார்கள். ஏன்? நற்செய்தி என்ன சொல்கிறது? இந்த வாரம் நாம் என்ன செய்யலாம்?’ இவ்வாறு ஒரு கூட்டத்தை நடத்தத் தெரிந்த வழிகாட்டி, தாமே எல்லாவற்றையும் சுமக்கவேண்டியதில்லை. பிள்ளைகளே சுமக்கத் தொடங்குவார்கள். இளைஞரிடையே முதல் திருத்தூதர் இளைஞரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கற்பித்ததன் பொருளும் இதுதான்.

மூன்றாவது, கேட்கும் செவி. மாதம் ஒருமுறை பங்குத் தந்தை தம் வழிகாட்டிகளோடு அமர வேண்டும். அந்த அமர்வில் வருகைப் பதிவேடு வேண்டாம். “நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?” என்பதே முதற்கேள்வியாக இருக்கட்டும். வழிகாட்டிகள் குறையற்றவர்களாக இருக்கவேண்டும் என்று பிள்ளைகள் எதிர்பார்ப்பதில்லை. 2018-இல் உரோமையில் இளையோரைப் பற்றி நடந்த ஆயர் மாமன்றத்தை ஒட்டி, ‘கிறிஸ்து வாழ்கிறார்’ என்னும் மடலைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் வெளியிட்டார். தங்களை வழிநடத்துவோர் தங்கள் எல்லையை உணர்ந்த மனிதர்களாக இருக்கட்டும், தங்களோடு சேர்ந்து நடக்கட்டும் என்று இளையோரே கேட்டுக்கொண்டதை அம்மடல் எடுத்துரைக்கிறது. பிள்ளைகள் இவ்வளவு தாராளமாக இருக்கும்போது, பெரியவர்களாகிய நாம் ஒரு சிறு தவறுக்காக அவர்களைத் தெருவில் வைத்துப் பேசலாமா? குறை இருந்தால் நேரில் சொல்லுங்கள். அல்லது என்னிடம் சொல்லுங்கள். திண்ணைப் பேச்சில் சிதைந்த நற்பெயரைத் திருவிழா மேடையில் போர்த்தும் பொன்னாடை மூடிவிடாது.

நான்காவது, பணம். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, சவேரியாருக்கே கூச்சமில்லை. திருவிழாவுக்கு வரி பிரிக்கிறோம். ஒலிபெருக்கிக்கும் மின்விளக்குக்கும் வாணவேடிக்கைக்கும் செலவிடுகிறோம். விழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அன்னையின் சப்பரம் தெருவில் வரும்போது என் கண்ணும் கலங்கும். ஆனால் பங்கின் ஆண்டு வரவு செலவில், பிள்ளைகளை வழிநடத்துவோரின் பயிற்சிக்கும், பயணச் செலவுக்கும், ஒரு புத்தகத்துக்கும், ஆண்டுக்கு ஒரு தியானத்துக்கும் என்று ஒரு வரி உண்டா? அரை நாழிகை வானில் வெடித்துக் கரைவது நம் அரசியின் காலணிப் பணம் அல்லவா? அதில் ஒரு பங்கைத் திருப்பிவிட முடியாதா?

ஐந்தாவது, பெற்றோரின் கை. எல்லாரும் வகுப்பு நடத்த வேண்டியதில்லை. ஒருவர் கூட்டத்துக்கு வரும் பிள்ளைகளுக்குச் சுண்டல் அவித்து அனுப்பலாம். இருசக்கர வண்டி உள்ளவர் இரவில் பிள்ளைகளை வீட்டில் கொண்டுவிடலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். எதுவும் இயலாதவர் அந்த வழிகாட்டியின் பெயரைச் சொல்லி ஒரு பத்துமணி செபிக்கலாம்; செபிப்பதை அவரிடம் சொல்லியும் விடலாம். தமக்காக ஒருவர் செபிக்கிறார் என்று அறிந்த உள்ளம் எளிதில் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போகாது.

மூதாட்டிக்கு என் விடை

அடுத்த மாதம் அதே முற்றத்தில் மீண்டும் கூடினோம். நான் எந்தத் திட்டமும் கொண்டுபோகவில்லை. சவேரியாரையும் அரசியின் காலணியையும் பற்றிச் சொன்னேன். என் இளைஞரைப் பற்றியும் சொன்னேன். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு ஒரு தாய், “ஞாயிற்றுக்கிழமை மதியச் சோறு எங்கள் வீட்டிலிருந்து அவருக்குப் போகட்டும்” என்றார். மற்றொருவர் அவருடைய பிள்ளைகளை அந்த இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். இரவு ஷிப்டு முடிந்து வந்து நேரே கூட்டத்தில் அமர்ந்திருந்த ஒரு தந்தை, சிவந்த கண்களோடு எழுந்து, “மாதத்தில் இரண்டு ஞாயிறு நான் போய்த் துணைக்கு நிற்கிறேன், சாமி. எனக்குப் பாடம் நடத்தத் தெரியாது, கைப்பந்து ஆடத் தெரியும்” என்றார். எல்லாரும் சிரித்தோம். அந்தச் சகோதரி மட்டும் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இவை பெரிய செயல்கள் அல்ல. நாளை ஏதேனும் ஒரு பிள்ளை வழிதவறவே மாட்டான் என்று இவற்றால் உறுதிகூறவும் இயலாது. ஆனால் வழிதவறியவனைத் தேடிப் போக ஒருவர் நம் பங்கில் நிலைத்திருப்பார். அவர் களைத்துத் திரும்பும்போது கதவைத் திறந்து, உட்கார வைத்து, “நீ எப்படி இருக்கிறாய்?” என்று கேட்க ஒரு வீடு இருக்கும்.

அன்பான பெற்றோரே, இந்த ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வரும்போது, உங்கள் பிள்ளையை வழிநடத்தும் அந்த இளைஞரையோ இளம்பெண்ணையோ தேடிச் செல்லுங்கள். பிள்ளையைப் பற்றிக் கேட்குமுன் அவரைப் பற்றிக் கேளுங்கள். நானும் அதையே செய்யப்போகிறேன்.